கேடிஎம் வந்தாச்சா?

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாள். தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்கு மாலை ஏறிவிட்டது; மேளமும் பட்டாசும் ஓயவில்லை. மேலே புரொஜெக்டர் அறையில் ஆபரேட்டர் மட்டும் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். படம் முந்தின நாளே வந்து சர்வரில் ஏறியாயிற்று. பட்டியலில் பெயர் தெரிகிறது. ஆனால் ஓடாது. ஒன்பது மணிக் காட்சிக்கு இன்னும் அரை மணி நேரம். மேனேஜர் மறுபடியும் படியேறி வந்து கேட்கிறார்: “கேடிஎம் வந்தாச்சா?”

ஃபிலிம் காலத்தில் இதே பதற்றம் “பெட்டி வந்தாச்சா?” என்று கேட்டது. ரீல்கள் அடங்கிய தகரப் பெட்டி வந்து இறங்கினால் படம் வந்துவிட்டது; அந்தப் பெட்டியை ஊர்வலமாகத் தூக்கிவந்த ரசிகர்களும் உண்டு. இப்போது படம் வந்து சேர்ந்தாலும் பாதிதான் வந்திருக்கிறது. கீ டெலிவரி மெசேஜ், சுருக்கமாக கேடிஎம், என்ற சில கிலோபைட் அளவுள்ள எழுத்துக் கோப்பு மின்னஞ்சலில் வந்தால்தான் மீதி. தயாரிப்பாளருக்கும் ஃபைனான்சியருக்கும் கணக்குத் தீராத இரவுகளில் நிறுத்தி வைக்கப்படுவது அதுதான். முன்பு கடன் கொடுத்தவர் லேபில் இருந்த நெகட்டிவின் மீது கை வைத்தார். இப்போது சாவியின் மீது வைக்கிறார். “தொழில்நுட்பக் காரணங்களால் காலைக் காட்சி ரத்து” என்று வரும் அறிவிப்புகளில், பல சமயம் தொழில்நுட்பம் ஒரு பாவமும் அறியாது.

பதிப்புரிமை உள்ள படத்தை, பாட்டை, புத்தகத்தை யார், எந்தக் கருவியில், எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பதைச் சட்டம் சொல்வதோடு விடாமல், கருவியே நிறைவேற்றும்படி செய்யும் ஏற்பாட்டுக்கு டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்று பெயர். டிஆர்எம் என்பார்கள். ஓடிடி பார்க்கும் எல்லோருடைய செல்போனிலும் அது இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கத் தியேட்டர்தான் நல்ல இடம். டிஆர்எம் உருப்படியாக வேலை செய்யும் மிகச் சில இடங்களில் அது ஒன்று.

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002-ல் கூடி, டிஜிட்டல் திரையிடலுக்கு ஒரு தர வரையறையை உருவாக்க அமைப்பொன்றைத் தொடங்கின. 2005 ஜூலையில் வரையறையின் முதல் பதிப்பு வந்தது. ஒரு படம் தியேட்டருக்கு எந்த வடிவில் போக வேண்டும், எப்படிப் பூட்டப்பட வேண்டும், எந்தப் பெட்டியில் திறக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இந்தியாவின் எல்லாத் திரைகளும் அந்த வரையறைப்படி அமைந்தவை அல்ல. இங்கே டிஜிட்டல் திரையிடல் பரவிய தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்டு வைத்திருந்தது. ஆனால் தத்துவம் ஒன்றே; நம் ஊர் பேச்சில் நிலைத்துவிட்ட பெயரும் கேடிஎம்தான்.

அந்த வரையறைப்படி படம் ஒரு பொதியாக வருகிறது. நொடிக்கு 24 சட்டகம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டகங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, தனித்தனியாக மறையாக்கம் செய்யப்படுகிறது. பொதியின் எடை நூறு, இருநூறு ஜிகாபைட் வரும். மறையாக்கத்துக்குப் பயன்படுவது ஏஇஎஸ்-128 என்ற முறை. நெட் பேங்கிங்கில் உங்கள் கணக்கு விவரத்தைக் காப்பதும் இதே குடும்பம்தான். சாவி என்பது 128 பிட் நீளமுள்ள ஓர் எண். எத்தனை சாவிகள் சாத்தியம் என்று கணக்குப் போட்டால் 34-க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகிற காரியமில்லை. ஹார்டு டிஸ்க்கை வழியில் யாராவது திருடிக்கொண்டு போனால் போகட்டும். அவர் கையில் இருப்பது 200 ஜிகாபைட் இரைச்சல்.

ஒரே சாவி முழுப் படத்தையும் திறப்பதில்லை. ஃபிலிம் போனாலும் ரீல் என்ற வழக்கம் போகவில்லை. படத்தை இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காட்சிக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று சாவி போடுகிறார்கள். ஆக, ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து சாவிகள். இனி அவற்றை ஆயிரம் தியேட்டர்களுக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் அப்படியே போட்டால் பூட்டியதே வீண்.

இங்கே வேறொரு கணிதம் வருகிறது. ஆர்எஸ்ஏ என்ற முறையில் சாவிகள் இரட்டையாகப் பிறக்கின்றன: ஒன்று பொது, ஒன்று ரகசியம். பொதுச் சாவியால் பூட்டியதை அதன் ஜோடியான ரகசியச் சாவியால் மட்டுமே திறக்க முடியும். கோயில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம், எடுப்பதற்குத்தான் தர்மகர்த்தா வர வேண்டும் என்பதுபோல. ஒவ்வொரு தியேட்டர் சர்வரிலும் ஒரு ரகசியச் சாவி தொழிற்சாலையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அது ஒருநாளும் வெளியே வராது. அதன் பொதுச் சாவி மட்டும் சான்றிதழாக விநியோக நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும். அவர்கள் படத்தின் சாவிகளை அந்தக் குறிப்பிட்ட சர்வரின் பொதுச் சாவியால் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டப்பட்ட சாவிக்கொத்துதான் கேடிஎம். மதுரையில் ஒரு தியேட்டரின் முதல் திரைக்கு வந்த கேடிஎம், அதே கட்டடத்தின் இரண்டாம் திரையில் வேலை செய்யாது. கடைசி நேரத்தில் திரையை மாற்ற முடிவெடுக்கும் மேனேஜர்கள் இதை வலியோடு கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கேடிஎம் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து பார்க்கலாம். மேலே படத்தின் பெயர், எந்தச் சர்வருக்கு, எந்த நாள் எந்த மணியிலிருந்து எந்த நாள் எந்த மணி வரை என்பது படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். கீழே புரியாத எழுத்துக் குவியல்கள், ஒவ்வொரு சாவிக்கும் ஒன்றாக. ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் தேதியை அழித்து அடுத்த வெள்ளி என்று எழுதிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். பலிக்காது. கோப்பு முழுவதும் மின்னணுக் கையொப்பம் இடப்பட்டது; ஓர் எழுத்து மாறினாலும் சர்வர் ஏற்காது. போதாததற்கு அதே தேதிகள் பூட்டப்பட்ட குவியலுக்குள்ளும் சாவியோடு சேர்த்து அடைக்கப்பட்டிருக்கின்றன.

சரி, சர்வரின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பலாமே? அதையும் யோசித்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த நேரத்தில் தனி பேட்டரியில் ஓடுகிறது. தியேட்டர்காரர் அதை ஓர் ஆண்டில் மொத்தம் ஆறு நிமிடத்துக்கு மேல் நகர்த்த முடியாது. கடிகாரங்கள் இயல்பாகத் தவறும் அளவுக்கு மட்டும் சலுகை. ஒரு காட்சியைத் திருடும் அளவுக்கு இல்லை. இந்த ஒரு விதியைப் படித்தபோதுதான், இதை எழுதியவர்கள் தியேட்டர்காரர்களை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

சாவி திறக்கும் இடம் மீடியா பிளாக் என்ற பலகை. அதன் உறைமீது கை வைத்தால், துளையிட முயன்றால், அது தன் ரகசியச் சாவியைத் தானே அழித்துக்கொள்ளும். பேட்டரி செத்துப்போனாலும் அதே கதி. கழற்றித் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். மீடியா பிளாக்கையும் புரொஜெக்டரையும் இணைக்கும் சடங்குக்குத் தொழிலில் ‘மேரேஜ்’ என்றே பெயர். அதிகாரம் பெற்ற டெக்னீஷியன் வந்து இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். பிறகு யாராவது ஒன்றை மட்டும் கழற்றினால் கல்யாணம் முறிந்தது. பூட்டிய படம் எதுவும் ஓடாது. புரொஜெக்டரின் பராமரிப்புக் கதவு திறந்திருந்தாலும் ஓடாது. திறந்த படம், ஒளியாக லென்ஸைத் தாண்டும்வரை எந்தக் கம்பியிலும் பூட்டில்லாமல் பயணிக்கக் கூடாது என்பதே நோக்கம். எத்தனை மணிக்கு எந்தப் படம் ஓடியது என்ற பதிவையும் அந்தப் பலகை கையொப்பமிட்டு வைத்துக்கொள்கிறது. டிக்கெட் கணக்கில் இரண்டு காட்சியைக் குறைத்துக் காட்டும் பழைய கலைக்கு இது நல்லதல்ல.

இத்தனை கட்டுப்பாடும் யாரோ ஒருவர் கையில் குவிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை தமிழில் புதுப் படம் எதுவும் வெளியாகவில்லை. டிஜிட்டல் சேவை நிறுவனங்கள் படத்துக்குப் படம் வசூலித்த விபிஎஃப் என்ற கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் அது. அவர்கள் எதிர்த்தது கட்டணத்தை. ஆனால் பெட்டியும் சாவியும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும்போது கட்டணத்தைப் பேரம் பேசுவது எத்தனை கஷ்டம் என்பதும் அதில் வெளிவந்தது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். ரகசியக் குறியீட்டுக் கலை பிறந்த நாளிலிருந்து அதில் மூன்று பேர் உண்டு: அனுப்புகிறவர், பெறுகிறவர், நடுவில் ஒட்டுக்கேட்கிற எதிரி. அரசன் தளபதிக்கு அனுப்பும் ஓலையைப் பகைவன் படிக்கக் கூடாது. டிஆர்எம்மில் இரண்டு பேர்தான். பெறுகிறவரும் எதிரியும் ஒருவரே. வாடிக்கையாளருக்குப் படம் தெரிய வேண்டும், அதனால் சாவி அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். அவர் நகலெடுக்கக் கூடாது, அதனால் சாவி அவருக்குக் கிடைக்கக் கூடாது. இந்த முரண்பாட்டைக் கணிதம் தீர்க்காது. சாவியை வாடிக்கையாளரின் கருவிக்குள்ளேயே வாடிக்கையாளரிடமிருந்து ஒளித்து வைப்பது ஒன்றுதான் வழி. டிஆர்எம்மின் வரலாறு முழுக்க, அந்த ஒளிவிடம் எவ்வளவு ஆழமானது என்ற கதைதான். தியேட்டரில் அது ஓர் இரும்புப் பெட்டி. வீட்டில்?

டிவிடியில் நடந்ததைப் பார்ப்போம். 1996-ல் வந்த அதன் பூட்டுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். படம் ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தச் சாவி வட்டுக்கான சாவியால் பூட்டப்பட்டிருக்கும். வட்டின் சாவி, நானூறுக்கும் மேற்பட்ட பிளேயர் சாவிகளால் தனித்தனியாகப் பூட்டப்பட்டு, வட்டின் ஓர் ஒதுக்குப்புறத்தில் எழுதப்பட்டிருக்கும். உரிமம் பெற்ற ஒவ்வொரு பிளேயர் நிறுவனத்துக்கும் அவற்றில் ஒன்று. யாராவது தன் சாவியைக் கசியவிட்டால், அடுத்து வெளியாகும் வட்டுகளில் அந்த ஒரு வரியை விட்டுவிடலாம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவியின் நீளம் 40 பிட் மட்டுமே. வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா அப்போது விடவில்லை. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெரிதாக இருக்கும். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

1999-ல் பூட்டு விழுந்தது. ஸிங் என்ற நிறுவனத்தின் மென்பொருள் பிளேயரில் சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்தது. அதைக் கண்டுபிடித்த சிலரோடு சேர்ந்து, நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் அந்த அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 15. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க உரிமம் பெற்ற பிளேயர் எதுவும் அன்று இல்லை. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் கணினியில் போட்டுப் பார்க்க முடியாதவர்களின் எரிச்சல் அதன் பின்னால் இருந்தது. ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் சிஎஸ்எஸ்ஸின் கணிதத்தை ஆராய்ந்து, 40 பிட் கூடத் தேவையில்லை, உள்கட்டமைப்பின் பலவீனத்தால் அதைவிட மிகக் குறைந்த முயற்சியிலேயே திறக்கலாம் என்று காட்டினார். ஒரு சாவி கிடைத்ததும் மற்றவையும் வரிசையாகக் கிடைத்தன. ஒரு வரியை நீக்கிச் சமாளிக்கும் திட்டம், எல்லா வரிகளும் போன பிறகு என்ன செய்யும்?

யோஹான்சன் மீது வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. தான் வாங்கிய வட்டைத் தான் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடித்தது. அங்கே 1998-ல் வந்த டிஎம்சிஏ சட்டம், பூட்டை உடைப்பதையே, எதற்காக உடைத்தாய் என்று பெரும்பாலும் கேட்காமல், குற்றமாக்கியிருந்தது; மூன்றாண்டுக்கு ஒருமுறை சில விதிவிலக்குகள் அறிவிக்கப்படும், அவ்வளவுதான். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 65-ஏ பிரிவு இந்த விஷயத்தில் நிதானமானது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. பலருக்கும் தெரியாத இந்த வேறுபாடு, நம் சட்டம் இயற்றியவர்களுக்குப் பெருமை சேர்ப்பது.

புளூ-ரே வட்டுகள் 128 பிட்டுக்கு மாறின, கசிந்த சாவிகளை நீக்கும் முறையும் மேம்பட்டது. 2007 மே மாதம் அதன் சாவிகளில் ஒன்று இணையமெங்கும் பரவியது; சட்ட நோட்டீஸ் போகப் போக, அந்த எண்ணை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். சாவி நீண்டால் போதாது, ஒளிவிடம் ஆழமாக வேண்டும் என்ற பாடத்தை ஓடிடிக்காரர்கள் அங்கேதான் படித்தார்கள்.

இன்று நீங்கள் செல்போனில் ஒரு படத்தைத் தட்டினால், சில நொடித் துண்டுகளாக அது வருகிறது. துண்டுகள் பூட்டப்பட்டவை. ஆப்பிள் கருவிகளில் பரவலாக உள்ள முறையில் காட்சித் தரவின் பத்துத் தொகுதிகளில் ஒன்றை மட்டும் பூட்டி ஒன்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது போதுமா? போதும். சுருக்கப்பட்ட வீடியோவில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியைச் சார்ந்தே பொருள் தரும். நடுநடுவே கொஞ்சம் போனால் மிச்சமும் குழம்பிவிடும். பேட்டரியும் மிஞ்சும். துண்டின் தலையில் சாவியின் அடையாள எண் மட்டும் வெளிப்படையாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் கருவியில் உள்ள டிஆர்எம் பகுதி, லைசென்ஸ் சர்வரிடம் போய்ச் சாவி கேட்கிறது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் அது கூகுளின் வைட்வைன், ஆப்பிளில் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டில் பிளேரெடி. சர்வர் உங்கள் சந்தாவைப் பார்த்து, கருவியின் சான்றிதழைப் பார்த்து, சாவியை அந்தக் கருவிக்கு மட்டும் பூட்டி அனுப்புகிறது, கூடவே நிபந்தனைகளோடு: இத்தனை மணி நேரம், இந்தத் தெளிவு வரை. கேடிஎம்மின் தம்பி என்றே சொல்லலாம்.

வைட்வைனில் எல்1, எல்3 என்ற தரப்பிரிவு உண்டு. எல்1 கருவியில் பிராசஸருக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய பாதுகாப்பு மண்டலம் இருக்கிறது. சாவியைத் திறப்பதும் வீடியோவை விரிப்பதும் அங்கேதான். ஆண்ட்ராய்டால்கூட அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஓடிடி படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புக் கட்டம் வருவது இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் படம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள் படிக்கக்கூடிய நினைவகத்தில் இல்லவே இல்லை. எல்3 கருவியில் எல்லாமே மென்பொருள். அதை நம்பாத நிறுவனங்கள் 480 வரித் தெளிவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். புதுப் போன், முழு எச்டி திரை, நல்ல இணைப்பு, ஆனாலும் படம் மங்கலாகவே வருகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள், டிஆர்எம் விவரம் காட்டும் இலவச செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எல்3 என்று இருந்தால் கோளாறு இணைப்பில் இல்லை.

அந்த எல்3-யை நம்பாததும் நியாயமே. 2019 ஜனவரியில் டேவிட் புக்கானன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அதில் மென்பொருளுக்குள் கரைத்து ஒளிக்கப்பட்டிருந்த சாவியை வெளியே எடுத்ததாக அறிவித்தார். கணக்கின் நடுவே வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, விடை எப்படிக் கோணுகிறது என்று பார்த்துச் சாவியை ஊகிக்கும் முறை. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளிலும் ஒரு பூட்டு உண்டு, எச்டிசிபி என்று. அதன் தலைமைச் சாவி 2010 செப்டம்பரில் வெளியாகி, உண்மைதான் என்று இன்டெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மாட்டிக்கொண்ட மாடலை நீக்குவது, புதுப் பதிப்பு விடுவது, அது உடைவது: வீட்டு டிஆர்எம்மின் அன்றாடம் இதுதான்.

எவ்வளவு ஆழமாக ஒளித்தாலும் கடைசியில் படம் ஒளியாகத்தான் கண்ணுக்கு வர வேண்டும். அந்த ஒளியைக் கேமராவும் பார்க்கும். தமிழ் சினிமாவை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த தியேட்டர் பிரின்ட் திருட்டில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சட்டைப் பையில் ஒரு கேமரா போதுமாயிருந்தது. இதற்கு மறையாக்கத்தில் பதில் கிடையாது. அதனால் தடுப்பதை விட்டுவிட்டு, யார் என்று கண்டுபிடிக்கும் வழிக்குப் போனார்கள்.

மீடியா பிளாக் படத்தைத் திறக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களாகச் சட்டகங்களில் நீர்க்குறி எனப்படும் 35 பிட் தகவலை நெய்துவிடுகிறது. இதில் 16 பிட் நேரத்துக்கு. ஓராண்டைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கினால், லீப் ஆண்டுக்கு 35,136 துண்டுகள். 16 பிட்டில் தாராளமாக அடங்கும். மீதி 19 பிட் இடத்துக்கு. ஐந்து லட்சத்துச் சொச்சம் திரைகளை வேறுபடுத்தலாம். திருட்டுப் பதிவில் ஐந்து நிமிடம் கிடைத்தால், கோணலாக எடுத்திருந்தாலும், சுருக்கியிருந்தாலும், அதிலிருந்து எந்தத் திரை, எந்த நாள், எந்தக் கால் மணி நேரம் என்று படித்துவிட வேண்டும் என்கிறது வரையறை. எந்த இருக்கை என்று அது சொல்லாது. அதற்கு மேல் போலீஸ் வேலை. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் அபராதமும். அதிகபட்சம் மூன்றாண்டு, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். கேமராவின் முன் பூட்டு தோற்ற இடத்தில் சட்டம் நிற்கிறது.

இந்த நீர்க்குறி முறை வேலை செய்யும் என்பதற்கு ஆஸ்கர் அகாடமியே சாட்சி. உறுப்பினர்களுக்கு வாக்களிப்புக்காக அனுப்பிய பிரதிகள் 2004-ல் இணையத்தில் முளைத்தபோது, பிரதிக்குப் பிரதி வேறாக இட்டிருந்த குறியை வைத்து கார்மின் காரிடி என்ற நடிகரிடம் போய் நின்றார்கள். அகாடமி அவரை நீக்கியது.

எல்லாம் சரி, இதன் விலை என்ன? 2005-ல் சோனி பிஎம்ஜி தன் இசை சிடிக்களில் ஒரு பாதுகாப்பு மென்பொருளைச் சேர்த்தது. சிடியைக் கணினியில் போட்டால் அது சொல்லாமல் ஏறி, விண்டோஸின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அக்டோபர் 31 அன்று அதை அம்பலப்படுத்தினார். அது ஒளிந்த பொந்துக்குள் வைரஸ்களும் போய் ஒளிய ஆரம்பித்தன. நிறுவனம் சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் உள்ள சில மின்னூல்களை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து இரவோடிரவாக அழித்தது. அழிக்கப்பட்டவற்றில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’-ம் ஒன்று. எந்த நையாண்டி எழுத்தாளரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார். ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். பூட்டிய மின்னூலைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாமல் தவிக்கும் பார்வையற்றோர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அச்சு நூல்களை அவர்களுக்கான வடிவில் மாற்ற வழிசெய்யும் மாரகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்ற நாடு இந்தியா என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

இசைத்துறை பூட்டையே விட்டுவிட்டது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டில்லாமல் பாட்டு விற்க இசை நிறுவனங்கள் இசைய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2009-ல் ஐடியூன்ஸ் பாடல்கள் பூட்டில்லாமல் விற்பனைக்கு வந்தன. இசைத் தொழில் அதனால் மூழ்கிவிடவில்லை.

என் முடிவு இது. டிஆர்எம் நேரத்தை வாங்கித் தரும் கருவி. முதல் மூன்று நாள் வசூலில் வாழ்வா சாவா என்று நிற்கும் ஒரு படத்துக்கு அந்த நேரமே மூலதனம். அதனால் தியேட்டரின் பூட்டும், வெளியான புதிதில் ஓடிடியின் பூட்டும் நியாயமானவை. சந்தா கட்டிப் பார்த்துவிட்டு மறப்பதற்கும் அது பொருந்தும். ஆனால் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளுக்கு, நூலகத்துப் புத்தகத்துக்கு, அலமாரியில் இருக்க வேண்டிய பாட்டுக்கு அதே பூட்டைப் போடுவது, திருடனை விட்டுவிட்டு வாங்கினவரைத் தண்டிப்பது. திருடனிடம் பூட்டில்லாத பிரதி எப்போதும் இருக்கிறது.

இன்னும் ஒன்று யாரும் பேசாதது. இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குப் பிறகு அது பொதுச் சொத்து. சட்டத்துக்கு இது தெரியும், பூட்டுக்குத் தெரியாது. 2025-ல் வந்த படத்தின் பொதி 2086-ல் தானாகத் திறந்துகொள்ளாது. கேடிஎம்கள் அதற்குள் எப்போதோ காலாவதியாகியிருக்கும். மாஸ்டர் சாவி வைத்திருந்த நிறுவனம் கைமாறியிருக்கலாம், மூடியிருக்கலாம். தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஃபிலிமைப் பேணாமல் இழந்தோம். பழைய ஃபிலிமிலாவது அழுகியது போக ஏதோ மிஞ்சும். சாவி தொலைந்த பொதியில் ஒரு சட்டகம்கூட மிஞ்சாது.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் தியேட்டரில் ஓடி முடிந்து, ஓடிடியிலும் டிவியிலும் விற்றுத் தீர்ந்த பிறகு, பூட்டில்லாத ஒரு பிரதியைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். அதற்கு மனம் வரவில்லையென்றால், மாஸ்டர் சாவி எந்த நிறுவனத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையாவது ஒரு தாளில் எழுதி, படத்தின் ஒப்பந்தப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.